புதுக் கார் பழுதானால்: ஜாப் கார்டு முதல் நுகர்வோர் ஆணையம் வரை

நல்ல நாள் பார்த்து, குடும்பத்தோடு ஷோரூம் போய், மாலை போட்டு, நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டி வந்த கார், இரண்டாவது வாரமே டக் டக்கென்று சத்தம் போட்டால் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். ஐப்பசியில் நாங்கள் எடுத்த கார் முதல் பெருமழையிலேயே ஒழுகியது. முன்சீட்டின் கால்மிதியை எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் வாயால் சொன்னேன். மூன்று முறையும் துடைத்து, காயவைத்து, "இனிமே வராது சார்" என்று அனுப்பினார்கள். ஆறாவது மாதம் மேலதிகாரியிடம் போனபோது அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இந்த வண்டிக்கு நீங்கள் ஒழுகல் புகார் கொடுத்ததாகவே பதிவில்லையே" என்றார். வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் போடும் வேலைத்தாளுக்கு ஜாப் கார்டு என்று பெயர். மூன்று ஜாப் கார்டிலும் எழுதியிருந்தது ஒரே வரிதான்: பொதுச் சோதனை, வாட்டர் வாஷ்.

அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் எழுத்தில் எதையும் வாங்காமல் இருந்திருக்கிறேன். வண்டியில் உண்மையிலேயே குறை இருந்தும் தோற்றுப்போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் சட்டத்தைப் பற்றி எழுதும் அளவுக்குக் காகிதத்தைப் பற்றியும் எழுதப்போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில், இத்தனை முறை ரிப்பேர் செய்தும் சரியாகாத புதுக் காரை உற்பத்தியாளர் திரும்ப எடுத்தாக வேண்டும் என்று தனிச் சட்டங்கள் இருக்கின்றன. அங்கே எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நம்புகிறார்கள். இந்தியாவில் காருக்கென்று அப்படி ஒரு சட்டம் இல்லை. நமக்கு இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மிக்ஸி, பிரிட்ஜ், கார் எல்லாவற்றுக்கும் அது பொது. நல்ல பலமான சட்டம்தான், ஆனால் நிரூபிக்கும் வேலை பெரும்பாலும் நம் தலையில் விழும்.

படி 1: முழுப் பணம் கட்டுவதற்கு முன்பே காரைப் பாருங்கள்

நம் ஊரில் வழக்கம் என்னவென்றால், முழுப் பணமும் கட்டி, பதிவெண் வாங்கி, நம்பர் பிளேட் மாட்டிய பிறகு டெலிவரி நாளில்தான் காரை முதன்முதலாகத் தொட்டுப் பார்ப்போம். அன்றைக்குக் கதவில் ஒரு கீறல் தெரிந்தாலும் பெரியவர்கள் "நல்ல நாள் அதுவுமா வாக்குவாதம் வேண்டாம்" என்பார்கள். உங்கள் பெயரில் பதிவான காரை டீலரால் வேறொருவருக்குப் புது வண்டியாக விற்க முடியாது. ஆகவே பதிவுக்கு முன்னால் "வேறு வண்டி காட்டுங்கள்" என்பது ஒரு வார்த்தையில் முடிகிற காரியம், பதிவுக்குப் பின்னால் அதே கோரிக்கை வழக்காகிவிடும்.

அதனால் புக்கிங் செய்யும்போதே, "என் சேசிஸ் எண் ஒதுக்கியதும் ஸ்டாக்யார்டில் வண்டியைப் பார்ப்பேன், பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மீதிப் பணமும் பதிவும்" என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதிவிடுங்கள். சேசிஸ் எண் என்பது ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண், ஸ்டாக்யார்டு என்பது டீலர் வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடம். சேல்ஸ்மேன் வாயால் ஒத்துக்கொண்டது போதாது. இலவச ஆக்சஸரி, தள்ளுபடி, டெலிவரி தேதி என்று அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் இதே விதிதான். புக்கிங் படிவத்தின் பின்பக்கப் பொடி எழுத்தையும் படியுங்கள். டெலிவரி நாளில் என்ன விலையோ அதுதான் விலை என்ற வரி பெரும்பாலும் அங்கே இருக்கும். ஆடித் தள்ளுபடி என்று புக் செய்துவிட்டு ஆவணியில் வண்டி வந்தால் தள்ளுபடி போச்சு என்ற சண்டை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆன்-ரோடு விலையை உடைத்து எழுதித் தரச் சொல்லுங்கள். வண்டி விலை, ஆயுட்கால வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, ஃபாஸ்டேக் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். கையாளும் கட்டணம் என்று ஒரு வரி வந்தால் எதற்கு என்று கேளுங்கள். ஷோரூமில்தான் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. வெளியே அதே பாலிசிக்கு என்ன விலை என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: ஸ்டாக்யார்டில் ஒரு மணி நேரம்

பகல் வெளிச்சத்தில் போங்கள். மழை நாளிலும் மாலை மங்கிய பிறகும் போகவே போகாதீர்கள், ஈரப் பெயிண்டும் டியூப்லைட்டும் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். வண்டியைக் கழுவி வைக்கச் சொல்லுங்கள்.

முதலில் சேசிஸ் எண். 17 எழுத்தும் எண்ணும் கலந்த அந்த வரிசை, இன்வாய்ஸில் இருப்பதும் வண்டியில் பொறித்திருப்பதும் ஒன்றா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அடுத்து உற்பத்தி மாதமும் ஆண்டும். சேசிஸ் எண்ணுக்குள்ளேயே இது மறைந்திருக்கும், ஆனால் எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டீலரையே எழுதித் தரச் சொல்லுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் வாங்குகிறவர்கள் இதை விடவே கூடாது. போன ஆண்டு வண்டியைத் தெரிந்தே நல்ல தள்ளுபடியில் வாங்குவது தவறில்லை, தெரியாமல் முழு விலைக்கு வாங்குவதுதான் ஏமாற்றம். பதிவுச் சான்றில் உற்பத்தி மாதம் ஏறிவிடும், மறுவிற்பனையில் அதைத்தான் பார்ப்பார்கள்.

இது கற்பனைப் பயம் இல்லை. கோவாவில் ஒருவருக்கு 2011 மாடல் என்று சொல்லி, 622 கிலோமீட்டர் ஓடிய 2009-ஆம் ஆண்டு டாடா மான்சா காரைக் கொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. டீலர் செய்த இந்தக் காரியம் உற்பத்தியாளருக்குத் தெரிந்தே நடந்தது என்று காட்டாதவரை அவரைப் பொறுப்பாக்க முடியாது, இருவருக்கும் உள்ள உறவு வாங்கி விற்பவர் உறவுதான் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை மனதில் வையுங்கள், யார் மீது எதற்காக வழக்கு என்று பின்னால் பேசும்போது தேவைப்படும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நாலு டயர், ஸ்டெப்னி எல்லாமே ஏறத்தாழ ஒரே காலத்தவையாகவும், வண்டி தயாரான மாதத்துக்குச் சற்று முந்தியவையாகவும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். கண்ணாடிகளையும் இப்படியே பாருங்கள். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே கம்பெனி முத்திரை இருக்கிறதா, ஒன்று மட்டும் வேறா?

பானெட், முன்பக்க ஃபெண்டர், கதவு, டிக்கி ஆகியவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பார்ப்பது மிக முக்கியம். தொழிற்சாலையில் முடுக்கிய போல்ட்டின் மேல் பெயிண்ட் பிசிறில்லாமல் இருக்கும். ஸ்பேனர் பட்ட தடம் தெரிந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். லாரியில் வரும்போது இடிபட்டு, யார்டில் டிங்கரிங்கும் டச்சப்பும் செய்து புது வண்டியாக நிற்கும் கார்கள் உண்டு. கதவு இடைவெளி இருபுறமும் ஒரே அளவா என்று பாருங்கள். ரப்பர் பீடிங்கை லேசாக விலக்கி, பெயிண்ட் துகள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியோடு வந்து பார்த்துத் தருகிறவர்கள் இப்போது பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். பத்து லட்சத்துக்குக் கார் வாங்கும்போது அதற்குச் செலவழிப்பது தகும்.

சென்னைக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023-இல் மிக்ஜாம் புயல் மழையும் எத்தனை கார்களை மூழ்கடித்தன என்று நாம் கண்ணால் பார்த்தோம். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள், கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கக் கூடாது. சீட் நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கக் கூடாது. டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி குழியில் கை வைத்துப் பாருங்கள்.

அப்புறம் வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசி, ஜன்னல், விளக்கு, வைப்பர், கேமரா என்று ஒவ்வொரு சுவிட்சையும் அழுத்துங்கள். ஓடோமீட்டரைப் படம் எடுங்கள். சில பத்து கிலோமீட்டர் ஓடியிருப்பது சகஜம், சில நூறு என்றால் விளக்கம் கேளுங்கள்.

குறை கண்டால் அங்கேயே படம் எடுத்து, "இந்த சேசிஸ் எண் வண்டி வேண்டாம், வேறு ஒதுக்குங்கள்" என்று அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். "பாலிஷ் போட்டுத் தர்றோம் சார்" என்பதற்கு இணங்காதீர்கள்.

படி 3: டெலிவரி நாளில்

"வண்டியை நல்ல நிலையில், திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்து கேட்பார்கள். ஏதாவது பாக்கி இருந்தால் கையெழுத்துக்கு மேலேயே எழுதுங்கள்: இடது பின்கதவில் கீறல், இரண்டாவது சாவி தரவில்லை, மேட் தரவில்லை. ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்வாய்ஸ், விற்பனைச் சான்றான படிவம் 21, உற்பத்தியாளர் தரும் சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22, காப்பீடு, வாரண்டி கையேடு, கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது ஆகியவற்றின் நகல்கள் உங்களிடம் இருக்க வேண்டும். வாரண்டி கையேட்டை அன்று இரவே படித்துவிடுங்கள். எது சேரும், எது சேராது, வெளியே ஒயரை வெட்டி ஸ்டீரியோ மாட்டினால் என்னவாகும் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

படி 4: முதல் கோளாறு தெரிந்த நாள்

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்.

சத்தமோ, அதிர்வோ, எச்சரிக்கை விளக்கோ, ஒழுகலோ, எது வந்தாலும் முதலில் வீடியோ எடுங்கள். ஓடோமீட்டர் தெரியட்டும், எஞ்சின் சத்தம் கேட்கட்டும், எப்போது, எந்த வேகத்தில், சூடான எஞ்சினிலா குளிர்ந்த எஞ்சினிலா என்று நீங்களே பேசிப் பதிவு செய்யுங்கள். ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பெட்ரோல் பில்களை வீசாதீர்கள். எஞ்சின் தடுமாறினால் "கலப்பட பெட்ரோல் போட்டிருப்பீர்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் முதலில் வரும்.

சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு போடும்போது வாடிக்கையாளர் சொன்ன குறை என்று ஒரு பகுதி இருக்கும். அதில் உங்கள் வார்த்தைகள் உங்கள் வார்த்தைகளாகவே ஏற வேண்டும். "வைப்ரேஷன் செக்" என்று எழுதினால் அதில் ஒன்றும் இல்லை. "80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்குகிறது, வாங்கிய 12-ஆம் நாளிலிருந்து, இது மூன்றாவது முறை" என்று எழுதினால் அது சாட்சி. ஜாப் கார்டு போடும் அட்வைசர் "இவ்வளவு நீளமா டைப் பண்ண முடியாது சார்" என்றால், வண்டியை விட்டுவிட்டு அங்கே உட்கார்ந்தபடியே அதே வரிகளைச் சர்வீஸ் சென்டரின் மின்னஞ்சலுக்கு அனுப்பி, ஜாப் கார்டு எண்ணையும் குறிப்பிடுங்கள். அட்வைசரிடம் கோபப்படவும் வேண்டாம். அவர் மாதச் சம்பளக்காரர், நாளை உங்களுக்கு உதவப்போகிறவரும் அவராகவே இருக்கலாம்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, என்ன கண்டுபிடித்தார்கள், எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று எழுதிய இன்வாய்ஸ் கேளுங்கள். வாரண்டியில் செய்த வேலைக்குத் தொகை பூஜ்யம் என்பதால் பல இடங்களில் காகிதமே தருவதில்லை. பூஜ்ய ரூபாய் இன்வாய்ஸானாலும் வாங்குங்கள். "குறை எதுவும் தென்படவில்லை" என்றோ "இந்த மாடலின் இயல்பே இதுதான்" என்றோ சொன்னால் அதையும் எழுத்தில் கேளுங்கள். இயல்பு என்றால் அதே மாடலின் இன்னொரு வண்டியில் அருகில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை வாதத்தைவிடவும் இந்த ஒரு சோதனை சீக்கிரம் முடிவு காட்டும். சில சமயம் அது உண்மையிலேயே இயல்பாகவும் இருக்கும். அப்போது நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். உதாரணத்துக்கு, பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார்களில் கரிப்புகை வடிகட்டி அடைத்துக்கொள்வது. தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஊருக்குள் ஓட்டினால் அந்த வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரம் கிடைக்காது. அது வண்டியின் உற்பத்திக் குறை என்று நிற்பது கடினம். ஆனால் வாங்கும்போதே நம் ஓட்டத்தைச் சொல்லிக் கேட்டும் டீசலைத் தலையில் கட்டியிருந்தால் அது வேறு கதை, அதற்கும் வாட்ஸ்அப் உரையாடல்தான் ஆதாரம்.

என் கார் விஷயத்துக்கு வருகிறேன். நாலாவது முறை இப்படி எழுதிக்கொடுத்து, மழையில் நீர் இறங்கும் வீடியோவோடு போனேன். இந்தமுறை உற்பத்தியாளரின் பொறியாளர் வந்தார். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயரிங் நுழையும் துளையின் ரப்பர் சரியாக உட்காரவில்லை என்று கண்டுபிடித்தார். ஒரு சின்ன ரப்பர். ஆனால் அதற்குள் தரைக்கடியில் ஒயர் இணைப்புகள் துருப்பிடித்துவிட்டன. அவற்றை மாற்றி, வாரண்டியும் நீட்டித் தந்தார்கள். எழுதிக்கொடுத்ததற்கு ஒன்பதே நாளில் முடிந்தது, அதற்கு முன் ஆறு மாதம் வாயால் சொல்லி வீணாக்கியிருந்தேன்.

படி 5: மேலே எழுதுதல்

ஒரே கோளாறு மூன்றாவது முறை வந்தால் அட்வைசரோடு பேசிக்கொண்டிருக்காதீர்கள். டீலரின் சர்வீஸ் மேலாளர், டீலர் முதலாளி, உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் பிரிவு மூவருக்கும் ஒரே மின்னஞ்சல். சுருக்கமாக இருக்கட்டும். இப்படி:

"பதிவெண், சேசிஸ் எண், வாங்கிய தேதி, இன்றைய கிலோமீட்டர் ஆகியவை கீழே. முதல் கியரிலிருந்து இரண்டாவது மாற்றும்போது வண்டி குலுங்குகிறது. இதற்காக மூன்று முறை வந்தேன், ஜாப் கார்டு எண்களும் தேதிகளும் இணைப்பில். மொத்தம் 19 நாள் வண்டி உங்கள் பணிமனையில் நின்றது. குறை இன்னும் இருக்கிறது, வீடியோ இணைப்பில். உற்பத்தியாளரின் பொறியாளர் என் முன்னிலையில் சோதித்து, காரணத்தையும் தீர்வையும் எழுத்தில் 15 நாளுக்குள் தர வேண்டும்."

திட்டோ மிரட்டலோ வேண்டாம். நாளை இந்த மின்னஞ்சலை, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்தின் தலைவர் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். பொறியாளர் வந்தால் கூடவே இருங்கள், அவர் சொன்னதை அன்று மாலையே "இன்று நீங்கள் சொன்னது இது" என்று மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அது நீதிமன்றம் இல்லை, யாருக்கும் உத்தரவிட முடியாது. ஆனால் பல பெரிய உற்பத்தியாளர்கள் அந்தப் புகார்களுக்குப் பதில் சொல்லத் தனி ஆளே வைத்திருக்கிறார்கள். டீலர் மட்டத்தில் முடங்கிய விஷயம் தலைமை அலுவலகத்துக்குப் போக இது நல்ல வழி.

பிரேக், ஸ்டீயரிங், தீப்பிடிப்பு போன்ற உயிர் விஷயமாக இருந்தால் இன்னொரு கதவும் உண்டு. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ பிரிவு சேர்ந்தது. ஒரு மாடலில் குறை பரவலாக இருந்தால் உற்பத்தியாளரைத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது. உங்கள் சேசிஸ் எண்ணுக்கு ஏற்கெனவே அப்படி ஒரு அறிவிப்பு இருக்கிறதா என்று உற்பத்தியாளரின் தளத்தில் பார்த்துவிடுங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 6: வக்கீல் நோட்டீஸ்

சட்டப்படி இது கட்டாயமில்லை. ஆனாலும் அனுப்புங்கள். இவ்வளவு நாள் நடந்ததைத் தேதி வரிசையில் சொல்லி, என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்டு, டீலருக்கும் உற்பத்தியாளருக்கும் ஸ்பீட் போஸ்டில் தனித்தனியாக அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினைகள் நோட்டீஸ் போன பிறகுதான் பேச்சுவார்த்தைக்கே வரும் என்பது என் அனுபவம்.

படி 7: நுகர்வோர் ஆணையம்

வழக்கைத் தொடுக்க, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். "பார்த்துத் தர்றோம்" என்ற வார்த்தையிலேயே இந்த 2 ஆண்டும் கரைந்துவிடக் கூடாது.

நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேலே தேசிய ஆணையம். பழைய சட்டத்தில் எதிர்தரப்பு இருக்கும் ஊரிலோ வழக்குக்கான காரணம் எழுந்த ஊரிலோதான் போட வேண்டும் என்ற சிரமம் இருந்தது. இப்போது நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே போடலாம். சென்னையில் வாங்கிய காருக்குத் திருநெல்வேலியில் வழக்கு போடலாம். இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். கட்டணமும் குறைவு. 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடச் சட்டம் இடம் கொடுக்கிறது. கையாளும் கட்டணம், புக்கிங் பணம், தராத ஆக்சஸரி போன்ற வழக்குக்கு நீங்களே போதும். உற்பத்திக் குறைபாடு என்றால் இந்தத் துறை தெரிந்த ஒரு வக்கீலை வைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

முக்கியமான ஒரு தடை. வணிக நோக்கத்துக்கு வாங்கிய வண்டிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் டாக்சிக்காரர் நுகர்வோர்தான், அவர் தயங்க வேண்டியதில்லை.

டீலர், உற்பத்தியாளர் இருவரையும் சேருங்கள். ஆனால் யார் என்ன தவறு செய்தார்கள் என்று தனித்தனியாக எழுதுங்கள். மேலே சொன்ன கோவா வழக்கில் உற்பத்தியாளர் தப்பியது இந்த வேறுபாட்டால்தான். பழைய வண்டியைப் புதிதென்று விற்றது, பணம் அதிகம் வாங்கியது, ரிப்பேரைச் சரியாகச் செய்யாதது எல்லாம் டீலர் கணக்கு. பிறவிக் குறை உற்பத்தியாளர் கணக்கு.

என்ன கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எல்லோரும் புதுக் கார்தான் கேட்கிறார்கள். 2006-இல் மாருதி உத்யோக் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டியில் பாகத்தை மாற்றித் தருவதாக மட்டுமே சொல்லியிருக்கும்போது முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது. கிளட்சில் தொந்தரவு என்பதற்காகப் புதுக் கார் கிடைத்துவிடாது. அதேசமயம் 2010-இல் ஃபியட் கார் ஒன்றின் வழக்கில், சார்பில்லாத தொழில்நுட்ப வல்லுநர் உற்பத்திக் குறை இருக்கிறது என்று சொன்னால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்ற வழியையும் அதே நீதிமன்றம் காட்டியது. ஆகவே மனுவில் படிப்படியாகக் கேளுங்கள்: புதுக் கார், அது இல்லையென்றால் விலையும் வட்டியும், அதுவும் இல்லையென்றால் குறையை முழுமையாக நீக்கி நீட்டித்த வாரண்டி, இவற்றோடு நஷ்ட ஈடும் வழக்குச் செலவும். விலை என்று எழுதும்போது இன்வாய்ஸ் தொகையோடு நிற்காதீர்கள். தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு ஆயுட்கால வரியே 18 சதவீதம். அதையும், காப்பீட்டையும், கடன் வட்டியையும் ரசீதோடு சேருங்கள்.

வல்லுநர் அறிக்கை இல்லாமல் உற்பத்திக் குறைபாட்டு வழக்கு நிற்பது அரிது. மனுவோடேயே, வண்டியைத் தகுந்த ஆய்வகத்துக்கோ வல்லுநருக்கோ அனுப்பிச் சோதிக்க உத்தரவிடுமாறு தனி மனு போடுங்கள், சட்டத்தின் 38-ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. கட்டணம் உங்களிடம் கேட்பார்கள். அரசுப் பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறை, மோட்டார் வாகன ஆய்வாளர், அரசு தானியங்கிப் பணிமனைப் பொறியாளர் போன்ற சார்பில்லாத பெயர்களை நீங்களே முன்வையுங்கள். தெரிந்த மெக்கானிக்கின் கடிதத்துக்கு அங்கே எடை குறைவு.

இதற்கு ஒரு நல்ல விலக்கும் உண்டு. விபத்தில் ஏர்பேக் விரியாத ஒரு ஹூண்டாய் கிரெட்டா வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்க வாங்குகிறவர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லி, கார் மாற்றித் தரவும் 3 லட்சம் ரூபாய் நஷ்ட ஈட்டுக்கும் வந்த உத்தரவை உறுதி செய்தது. பாதுகாப்பை விளம்பரமாகக் காட்டி விற்ற பொருள் தேவையான நேரத்தில் வேலை செய்யவில்லை என்றால் அந்த நிகழ்வே சாட்சி. எனக்கு மிகவும் ஆறுதல் தந்த தீர்ப்பு இது.

எதிர்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. வழக்கை 3 மாதத்திலும், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நாளாகும். ஆகவே நடுவில் சமரசத்துக்கு ஆணையம் கேட்டால் உடனே மறுத்துவிடாதீர்கள்.

வழக்கு நடக்கும்போது

தவணையை நிறுத்தாதீர்கள். "ஓடாத வண்டிக்கு எதற்கு இஎம்ஐ" என்ற கோபம் நியாயமானதுதான், ஆனால் கடன் உங்களுக்கும் வங்கிக்கும் இடையில் உள்ளது. சிபில் மதிப்பெண் விழுவதும், வண்டியை வங்கி தூக்கிப்போவதும் உங்கள் வழக்கைத்தான் கெடுக்கும்.

வண்டியை ஓட்டலாமா? இது கடினமான கேள்வி. ஓட்டவே முடியாத குறை என்று மனுவில் எழுதிவிட்டு ஓடோமீட்டரில் 40,000 கிலோமீட்டர் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். டீலரிடம் விட்டுவிட்டு வந்தால் நிறுத்துக் கட்டணம் கேட்டு நோட்டீஸ் வரலாம். பிரேக், ஸ்டீயரிங் போன்ற ஆபத்தான குறையென்றால், குறையைச் சரிசெய்வதற்காகவே ஒப்படைக்கிறேன் என்று கடிதம் கொடுத்து ஒப்புதல் வாங்கிக்கொண்டு விடுங்கள். மற்றபடி தேவைக்கு மட்டும் ஓட்டி, சர்வீஸ்களைத் தவறாமல் அங்கீகாரம் பெற்ற இடத்திலேயே செய்யுங்கள். ஒரு சர்வீஸ் தவறினாலும் எதிர்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

சமூக ஊடகத்தில் எழுதுவதென்றால், நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள். "மோசடிக் கும்பல்" போன்ற சொற்கள் உங்கள் மேல் அவதூறு நோட்டீஸாகத் திரும்பி வரும்.

சமரசமோ தீர்ப்போ வந்த பிறகு

மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பை எதிர்த்து எதிர்தரப்பு மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு. அப்படிப் போவதென்றால் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உத்தரவை மதிக்காவிட்டால் நிறைவேற்று மனு போடுங்கள். ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைக்கு வழி இருக்கிறது. அந்த மனு போன பிறகு காசோலை விரைவாக வரும்.

சமரசம் என்றால், "முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்ற தாளில் பணம் கைக்கு வருவதற்கு முன் கையெழுத்திடாதீர்கள். குறையை நீக்கித் தருவதாகச் சமரசம் என்றால், அதே குறை மீண்டும் வந்தால் என்ன என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

காரையே திருப்பிக் கொடுப்பதாக இருந்தால், சாவியைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிவிடாதீர்கள். வங்கிக் கடனை யார் அடைப்பது, அடமானக் குறிப்பை யார் நீக்குவது, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு யார் எந்தத் தேதிக்குள் விண்ணப்பிப்பது என்று உடன்பாட்டில் எழுதுங்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நீங்கள் திருப்பிக் கொடுத்த அதே காரை டீலரின் ஆள் எங்கோ இடித்தாலும் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பெயர் மாறிய பதிவுச் சான்றின் நகல் கைக்கு வந்ததும் காப்பீட்டை ரத்து செய்து மீதியைக் கேட்டு வாங்குங்கள், ஃபாஸ்டேக்கையும் மூடுங்கள். அதுவரை அந்தக் கோப்பைப் பரணில் ஏற்ற வேண்டாம்.